கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்று

ராயபுரத்தில் எங்கள் மாடியின் கைப்பிடிச் சுவரில், ஒரு மழைக்காலம் முடிந்ததும் அரசங்கன்று முளைத்தது. இரண்டே இலை. விரலால் கிள்ளி எறிந்திருக்கலாம். பிள்ளையார் குடியிருக்கும் மரமாயிற்றே என்று நான் தொடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் என் மனைவி அதற்கு மஞ்சள் தண்ணீர் வேறு ஊற்றினாள்.

வெள்ளையடிக்க வந்த கொத்தனார் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னா நைனா, செவுத்துல தோப்பு வச்சிகினு கீறியே! வேரு உள்ள பூந்துச்சின்னா வூடு பொளந்துக்கும்."

"சாமி மரம்ப்பா. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

அந்த அடுத்த வருஷம் நான்கு முறை வந்துபோயிற்று. ஐந்தாவது மழையில், வேர் பிளந்த விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி, உத்தரத்தின் நுனி உளுத்து, பூஜை அறையின் கூரை அப்படியே உட்கார்ந்துவிட்டது. சாமி படங்களைச் சுண்ணாம்புச் சேற்றிலிருந்து பொறுக்கி எடுத்தோம்.

அதே கொத்தனார்தான் வந்தார். வேர் கீழ்ச்சுவர் வரை ஓடியிருந்ததால் பின்கட்டு முழுவதையும் இடித்துக் கட்ட வேண்டும் என்றார். துறைமுக வேலையில் நான் சேர்த்ததெல்லாம் செங்கல்லுக்கும் தேக்குக்கும் போயிற்று.

"சின்னதா இருந்தப்பவே பேத்து கோயிலாண்ட நட்டிருந்தா புண்ணியமாவது கெடச்சிருக்கும் நைனா," என்றார் அவர், கோடரியை எடுத்துக்கொண்டே.

அந்த யோசனை ஐந்து வருஷமும் எனக்கு ஏன் வரவில்லை? பக்தி என்று பேர் வைத்துக்கொண்டு சோம்பியிருந்திருக்கிறேன். இரண்டு இலையைக் கிள்ளப் பயந்தவன், ஆள் உயர மரத்தைக் கூலி கொடுத்து வெட்டச் சொன்னேன்.