முட்டைக் கொப்பு

தாராபுரத்துக் கடற்கரையில் றஹீம் நானா வள்ளத்திலிருந்து கணவாய் பிடிக்கும் கூடுகளை இறக்குகிறார். கணவாய் முட்டையிட வரட்டும் என்று கூட்டுக்குள் கட்டிய மரக்கொப்பில், வெள்ளைத் திராட்சைக் குலைபோல ஏதோ தொங்குகிறது. காலைப் பசியில் ஒன்றைப் பிய்க்கக் கை நீட்டுகிறேன்.

“தொடாதீங்கோ தம்பி! அது கணவாய் முட்டை.”

பக்கத்து மீன்வாடிக்காரர் கரையில் எறிந்த கொப்புகள் முட்டையோடு வெயிலில் காய்கின்றன. காகங்களுக்குக் கொண்டாட்டம்.

“நானும் உப்பிடித்தான் எறிஞ்சனான். பிறகு கூடு வெறுமையா வரேக்குள்ளதான் புத்தி வந்தது.”

கொப்பை என் கையில் தந்து, முழங்கால் தண்ணீருக்குள் என்னையும் இறக்குகிறார். அங்கே கம்புகளுக்கு நடுவே இழுத்த கயிற்றில் முந்தின கொப்புகள் ஆடுகின்றன. இதையும் கட்டுகிறோம்.

நானா அந்தக் கொப்புகளுக்கடியில் தேங்காய்ச் சிரட்டையால் தண்ணீர் மொண்டு காட்டுகிறார். உள்ளே நகமளவு கணவாய்க் குஞ்சொன்று. நான் குனிந்ததும் மையடிக்கிறது. சிரட்டைத் தண்ணீர் முழுக்கக் கறுத்துப் போகிறது.

“பிறந்து ஒரு நாளாகேல்லை, கோபத்தைப் பாருங்கோ!” நானா குலுங்கிச் சிரித்தபடி சிரட்டையைக் கடலில் கவிழ்க்கிறார். “போகட்டும். வளந்து வரட்டும், நானே பிடிக்கிறன்.”