என் கழுத்தில் ஏறிய தாலி

பிள்ளைகளா, உங்கள் அம்மாவுக்கு நான் இரண்டு முறை தாலி கட்டியிருக்கிறேன். இரண்டாவது தடவையைப் பற்றி அவள் சொல்லியிருக்க மாட்டாள். சொல்ல ஆரம்பித்தால் சிரிப்பு வந்து பேச்சு நின்றுவிடும். அதனால் நான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்பு எழுத்துத்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமாகி ஏழு மாதம் இருக்கும். திருவாடானைப் பக்கம் நம் வயலில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. நெற்கட்டைச் சுமந்து வரப்பில் வந்தவள் வழுக்கி விழுந்தாள். எழுந்தபோது தலை இடது தோள்பக்கம் திரும்பியிருந்தது. நேராக்க முடியவில்லை. விரல் மரத்துப்போகிறது என்றாள்.

என் அய்யா, "வைத்தியரக் கூட்டியாந்து ஒரு திருப்புத் திருப்புனாச் சரியாப் போகும்" என்றார்.

ஊர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வேறு மாதிரி சொன்னார். "எலும்பு ஒடஞ்சிருந்து, நீங்க திருப்புனீங்கன்னா, கைகால் வெளங்காமப் போயிரும். மொதல்ல ராம்நாடு போயிப் படம் எடுத்துட்டு வாங்க."

உடனே ராமநாதபுரத்துக்குக் கிளம்பினோம். பஸ்ஸில் அவளை முன் சீட்டில் உட்காரவைத்துப் பின்னால் இருந்து தலையை இரண்டு கையாலும் பூசணிக்காயைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டேன். டிக்கெட் காசைக்கூட என் சட்டைப்பையில் கண்டக்டரே எடுத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த பெண், "என்ன தம்பி, விட்டாக் கழண்டுருமா?" என்று கேட்டாள்.

"சிரிக்க வைக்காதீங்கக்கா, வலிக்குது" என்றாள் உங்கள் அம்மா. அப்போதே ஆரம்பித்துவிட்டது அவளுக்கு.

எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில், "கழுத்துல இருக்கிறதெல்லாம் கழட்டிருங்கம்மா" என்றார் எக்ஸ்ரேக்காரர். பாசிமணியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அவர் கழுவிய ஈரம் சொட்டச் சொட்ட ஒரு படத்தைக் கிளிப்பில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். எலும்புகள் சாம்பல் நிறத்தில் அடுக்கடுக்காகத் தெரிந்தன. அதற்குக் குறுக்கே பளிச்சென்று வெள்ளையாகத் தாலி, குண்டுமணி, காசு எல்லாம் கிடந்தன. எங்கே பார்க்க வேண்டுமோ அங்கேயே. சுருட்டிக் கழுத்தோடு ஒதுக்கி, முந்தானையால் மூடியிருக்கிறாள்.

"எலும்பு தெரியல. தாலிதான் தெரியுது. தாலி ஒடையல, நல்லா இருக்கு" என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

"புருசன் குத்துக்கல்லாட்டம் நிக்கயில தாலியக் கழத்துவாகளா?" என்றாள் இவள்.

"மேசயில வையிங்கம்மா."

"மாட்டேன்."

"என் பையில போட்டுக்கிறேன்" என்றேன் நான்.

"அதுல பீடி கெடக்கு." கொஞ்சம் யோசித்தாள். "ஏங்க, அது யாரு கழுத்துலயாச்சும் இருக்கணும்ல. நீங்க போட்டுக்கங்க."

தலை வழியாக எடுக்க வழியில்லை. முடிச்சு இறுகிக் கிடந்தது. கடைசியில் பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். அவளே மரத்துப்போன விரலால் என் கழுத்தில் கட்டிவிட்டு உள்ளே போனாள்.

வெளி பெஞ்சில் தங்கச்சிமடத்து ஆள் ஒருவர், படகில் அடிபட்ட கையைத் தூளியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாப்ள, பொண்ணு எங்க?"

"உள்ள படம் எடுக்குறாக."

"எலும்ப எண்ணிப் பாத்துத்தான் கட்டுறாகளா இப்பல்லாம்?"

அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே அவளுக்கும் கேட்டிருக்கிறது. "சிரிக்காதீங்கம்மா, படம் ஆடிப்போகும்" என்று குரல் வந்தது. பிறகு, "மூச்ச அடக்குங்க." வெளியே நானும் அடக்கினேன். பெஞ்சில் இருந்தவரும் அடக்கினார்.

டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து கீழாக விரலை நகர்த்திக்கொண்டே வந்தார். அவர் விரல் ஒவ்வொரு எலும்பாகத் தாண்ட, நானும் கூடவே எண்ணினேன்.

"எலும்பு முழுசா இருக்கு. சதைதான் இழுத்துப் பிடிச்சிருக்கு. கழுத்துப் பட்டை போட்டுக்கிட்டு ரெண்டு வாரம் இருங்க. யாரையும் திருப்ப விடாதீங்க." பிறகு என் கழுத்தைப் பார்த்தார். "அதை அவங்ககிட்டக் கொடுத்துருங்க. உங்களுக்கு எடுத்தது இல்லை."

ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே கட்டினேன். முதல் முடிச்சுப் போட்டதும் அவள் என் கையைப் பிடித்தாள். "மத்த ரெண்டையும் நாத்தனாதான் போடணும்." என் அக்காவோ ஊரில் அறுப்பில் நிற்கிறாள். தரை கூட்டிக்கொண்டிருந்த ஆயா வாளியை வைத்துவிட்டு, குழாயில் கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "நகருப்பா. இன்னைக்கு நாந்தான் நாத்தனா. சீரு என்ன தருவ?" இரண்டு முடிச்சையும் போட்டாள். தங்கச்சிமடத்துக்காரர் நல்ல கையால் டிபன் டப்பா மூடியில் கெட்டிமேளம் தட்டினார்.

முதல் கல்யாணத்தில் உங்கள் அம்மா தரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை குனிய முடியவில்லை. அவள் தலை திரும்பியிருந்த பக்கம்தான் நான் நின்றேன். முடிச்சு மூன்றும் விழும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். சிரித்ததாலா, வலியாலா, தெரியாது.

ஊருக்கு வந்து, பட்டையோடு அவளைப் படுக்கவைத்து, அய்யாவிடம் வைத்தியர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பொழுது சாயும் நேரம் ஊருணிக்குத் தனியாகக் குளிக்கப் போனேன். சட்டையைக் கழற்றினால் காலரின் உள்பக்கம் முழுக்கத் தாலிக்கயிற்று மஞ்சள். கழுத்தைத் தொட்டேன், விரலிலும் மஞ்சள். பிறகு நெஞ்சளவுக்கு மட்டும் தண்ணீரில் இறங்கிக் குளித்துவிட்டு, கழுத்தை நனைக்காமல் வீட்டுக்குத் திரும்பினேன்.