காலி ஆணிகள்

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த திருவொற்றியூர் ஃபேக்டரி வாசலில் நரைமீசை வாட்ச்மேன் ஒருவர் இருந்தார். வேலை முடிந்து வருகிறவர்களின் பித்தளை டோக்கனைத் துண்டால் துடைத்துத்தான் அவரவர் ஆணியில் மாட்டுவார்.

பாய்லர் வெடித்த அன்று உள்ளே முப்பது பேர். பாய்லர் ரூமில் இருபது, குடோனில் பத்து. அடையாளம் தெரியாத கரிமுகங்களாகப் பதினைந்து பேரை லாரியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்கள். மீதிப் பதினைந்து பேர் உள்ளேயே கிடந்தார்கள். குடோனில் சிக்கியவர்கள் பிழைக்கலாம், பாய்லர் ரூமில் சிக்கியவர்கள் பிழைக்க வழியில்லை. என் வீட்டுக்காரர் பாய்லர் ரூம் ஆள். மற்ற பெண்களோடு நானும் ஃபேக்டரி வாசலில் காத்திருந்தேன்.

"உள்ள கீறவங்க எல்லாம் குடோன் ஆளா இருக்கக்கூடாதா, நைனா?" என்று வாட்ச்மேனிடம் கேட்டேன்.

"குடோன் ஆளு மொத்தமே பத்து பேர்தாம்மா. பத்து பேரும் உள்ள கீறான்னே வெச்சிக்கோ. அப்பவும் மிச்சம் அஞ்சு பேரு பாய்லர் ரூம் ஆளு."

"மிஞ்சிப்போனா?"

"பதினஞ்சும்தான்." குரலைத் தாழ்த்தினார். "அத்த யாராண்டயும் சொல்லாத. அஞ்சுன்னு நெனச்சாதான் இந்தப் பொம்பளைங்களால நின்னுகினு இருக்க முடியும்."

நின்றோம். பொழுது சாயும்போது ஆஸ்பத்திரியிலிருந்து டோக்கன்கள் வந்தன. ஒவ்வொன்றாகத் துடைத்து மாட்டினார். பிறகு காலியாக இருந்த ஆணிகளையும் துடைக்க ஆரம்பித்தார். ஒரு ஆணியை மட்டும், எனக்குத் தெரியாதபடி முதுகால் மறைத்துக்கொண்டு துடைத்தார்.