கடைசி ஜன்னல்

பிரேசர் டவுனில் ஒரு மாடி வீட்டுக்காரர் தச்சு வேலைக்கு என்னைக் கூப்பிடுவார். அந்தப் பக்கம் எல்லாம் பழைய தேக்கு, உளி இறங்கவே யோசிக்கும். அது கிடக்கட்டும்.

அவருக்கு வெளுத்த முகம், ஓயாத இருமல். சின்ன வயதில் வீடியோ கேசட்டில் பார்த்த ஜப்பான் கார்ட்டூனில் வரும் ராட்சச ரோபோ பொம்மைகளைப் படுக்கையறை முழுக்கப் பெட்டி பிரிக்காமல் அடுக்கியிருந்தார். கையைத் துடைக்காமல் ஒரு பெட்டியையும் தொடமாட்டார்.

வெயில் பட்டால் பெட்டி வெளுத்துவிடுமாம். நான் போகும்போதெல்லாம் அந்த அறையில் ஒரு ஜன்னலைப் பலகை வைத்து அடைக்கச் சொல்வார். மூன்றாவது தடவை, மிச்சமிருந்தது ஒரே ஜன்னல்.

"காத்து வேணாமா சார்? பொம்மைக்கு மூச்சு வாங்காது, உங்களுக்கு வாங்குதே!"

"எனக்கு மாத்திரை இருக்கு மேஸ்திரி. அதுங்களுக்கு என்ன இருக்கு? சும்மா அடிங்க."

அடைத்தேன். ஆனால் ஸ்குரூ எதையும் முழுசாக முறுக்கவில்லை.

"மூச்சு முட்டினா ஒரு இழு இழுங்க சார், பலகை கையோட வந்துடும்."

சிரித்துத் தலையாட்டினார். நான் படி இறங்கும்போதே மேலே ஸ்குரூ முறுக்கும் சத்தம் கேட்டது. இருமலுக்காக நிற்கும், மறுபடி தொடங்கும். கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு பிரியத்தை நான் யார்மேலும் வைத்ததில்லை. அதனால்தானோ என்னவோ, பயமாக இருந்தது.