சத்துர்னினாவின் சிவப்புப் போர்வை

பொலிவியாவில், கொச்சபம்பா நகரத்து ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் நர்ஸ் சத்துர்னினா ஊசி போட்டால் பிள்ளைகள் அழுவதில்லை. "எறும்பு கடிச்ச மாதிரிதான், ராஜா" என்பார். அதற்குள் ஊசி இறங்கியிருக்கும்.

தனக்கு ஊசி என்றால் மட்டும் ஆள் இருக்க மாட்டார். தட்டம்மைத் தடுப்பூசி என்று யார் வந்தாலும் ஒரே பதில்: "எனக்குச் சின்ன வயசுலயே வந்து போயிடுச்சு."

அந்தக் கதை வார்டுக்கே மனப்பாடம். அவர் ஊரில் ஒரு பிள்ளைக்குத் தட்டம்மை கண்டால், வீட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே சிவப்புப் போர்வைக்குள் படுக்க வைப்பார்கள். வருவது ஒரேயடியாக வந்து தொலையட்டும் என்றுதான். அண்ணன் இலாரியோனுக்கு வந்தபோது சத்துர்னினாவும் அப்படிப் படுத்தவர்.

பல வருடம் கழித்து நகரத்துக்குத் தட்டம்மை திரும்பி வந்தது. எதிர்ப்பு சக்தி இல்லாதவர்கள் குழந்தைகள் வார்டில் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. 'வந்து போச்சு' என்பவர்களுக்கு ரத்தப் பரிசோதனை. ஆய்வகத்தில் இருந்தது மகள் நாய்ரா. இரண்டு முறை செய்து பார்த்தாள்.

"மமி, உனக்கு எதிர்ப்பு சக்தியே இல்ல."

"கோளாறு உன் மிஷின்ல."

"மாமாகிட்டயே கேளு."

வார்டே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு அண்ணனை அழைத்தார். "நாம ஒண்ணாத்தானே படுத்திருந்தோம்? இவங்களுக்குச் சொல்லுண்ணா."

"நீயா?" மறுமுனையில் இலாரியோன் சிரித்தார். "போர்வைக்குள்ள தலையணைய வச்சுட்டு ஆட்டுப்பட்டிக்குத் தூங்கப் போனவதானேடி நீ! அம்மா சாகற வரைக்கும் நான் காட்டிக் கொடுக்கல."

சத்துர்னினாவின் முகத்தைப் பார்த்தால், அவரும் இன்றைக்குத்தான் இதைக் கேள்விப்படுகிறார் என்று தோன்றியது.

அவரை ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு மாற்றினார்கள். உருளைக்கிழங்கு உரித்தார். மாடியில் பிள்ளைகள் ஊசிக்கு வீறிடுவது அங்கே வரைக்கும் கேட்டது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கிழங்கு வாசனையோடு தடுப்பூசி அறைக்கு வந்து சட்டைக் கையைச் சுருட்டினார்.

அவரிடமே தொழில் பழகிய கிரோவர் ஊசியை எடுத்தான். "எறும்பு கடிச்ச மாதிரிதான், டோன்யா சத்துர்னினா" என்றான் மரியாதையாக.

அலறல் தெருவுக்குக் கேட்டது. "இந்தப் பொய்யத்தானாடா நான் இத்தன வருஷம் சொல்லிக்கிட்டிருந்தேன்?"

ஒரு மாதம் கழித்து இரண்டாவது ஊசியையும் வாங்கிக்கொண்டு வார்டுக்குத் திரும்பினார். எறும்பை விட்டுவிட்டார். "கொஞ்சம் வலிக்கும், எனக்கே வலிச்சுது" என்றார். பிள்ளைகள் அதற்கும் அழவில்லை.

சில வருடங்கள் கழித்து, வார்டில் வேலையாக இருந்த ஒரு மத்தியானம் அவருடைய இதயம் நின்றது. அடக்கத்துக்கு இலாரியோன் அந்தச் சிவப்புப் போர்வையைக் கொண்டுவந்து தங்கைக்குப் போர்த்தினார். நாய்ரா ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

தலையணை இல்லை. அம்மாதான் இருந்தார்.