கேப்பு டப்பி என் மனைவியிடம்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கோடு போட்ட தாளிலும் என் எழுத்து மேலேறி இறங்கும். ஒற்றெழுத்தை எங்கே போடுவது என்பது இன்றைக்கும் குழப்பம்தான். பேசச் சொன்னால் இதைவிட மோசம். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. அதனால் என் மகளைப் பெண் பார்க்க வந்த நாளின் கதையை என் சம்பந்திதான் ஊரெல்லாம் சொல்லிவருகிறார். அவர் சொல்லும்போது துப்பாக்கி வெடித்துக் கூரை ஓடெல்லாம் பறக்கிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்ததை எழுதி வைக்கச் சொல்லி மகள்தான் கேட்டாள்.

எங்கள் நிலம் ஆம்பூருக்கு வெளியே, மலையடியில் இருக்கிறது. வேர்க்கடலை போட்டால் காட்டுப்பன்றி வரும். அதற்காக அப்பா வாங்கியிருந்த லைசென்ஸ் பிறகு என் பெயருக்கு மாறியது. துப்பாக்கி பழைய நாட்டுத் துப்பாக்கி. குழல் வாயில் கருமருந்தைக் கொட்டி, மேலே அடைப்பு வைத்து, கம்பியால் இடிக்க வேண்டும். பின்னால் குதிரை என்று ஒன்று உண்டு. அதன் அடியில் பொட்டு அளவுக்கு ஒரு செப்புக் கேப்பை மாட்டினால்தான், விசையை இழுக்கும்போது குதிரை விழுந்து மருந்து பற்றும். நான் குண்டு போடுவதில்லை. பன்றிக்குச் சத்தம் போதும். அடைப்புக்கு, மனைவி வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் கழித்துப்போடும் லைனிங் தோலை வெட்டிக்கொள்வேன். குண்டு இல்லையென்று அலட்சியமாக இருக்க முடியாது. கிட்டத்தில் அந்தத் தோல் அடைப்பு பட்டாலே கண் போய்விடும்.

கல்யாணமான புதிதில், துப்பாக்கி இருக்கும் வீட்டில் இருக்க மாட்டேன் என்றாள் மனைவி. அப்புறம் அவளே ஒரு வழி சொன்னாள். கேப்புகளை எல்லாம் காலித் தைல டப்பியில் போட்டு அவளே வைத்துக்கொண்டாள். நிலத்துக்குப் போகும்போது கேட்டு வாங்க வேண்டும், திரும்பி வந்ததும் மிச்சத்தைக் கொடுத்துவிட வேண்டும். முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது அவள் கொடுக்காமல் வெளியே இறங்கினால்தான் என்னவோ போல் இருக்கிறது.

மற்றப் பழக்கங்கள் நிலத்தில் நடந்து நடந்து வந்தவை. மருந்து போட்ட துப்பாக்கியைத் தோளில் படுக்கவைத்துத் தூக்க மாட்டேன், பின்னால் வருபவர் முகத்துக்கு நேராகக் குழல் நிற்கும். வாய் வானத்தைப் பார்க்க, மார்போடு அணைத்துத்தான் நடப்பேன். விரல் விசைக்கு வெளியே இருக்கும். வேலியோ வரப்போ தாண்ட வேண்டுமென்றால் கேப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, துப்பாக்கியை முதலில் அந்தப் பக்கம் படுக்கவைத்துவிட்டுத் தாண்டுவேன். மரத்தில் சாய்த்து வைப்பதில்லை. உள்ளே மருந்து இருக்கிறது என்பதற்கு அடையாளமாகக் குதிரையில் ஒரு சிவப்புத் தோல் நாடா கட்டுவேன். வீட்டுக்குத் திரும்பும் முன் வாய்க்கால் மேட்டு மண்ணைப் பார்த்துச் சுட்டு, காலி செய்துவிடுவேன்.

பெண் பார்க்க வந்த அன்று மட்டும் அது தவறியது. காலையில் பன்றி வந்திருக்கிறது என்று போனேன். நான் போவதற்குள் அவை மலையேறிவிட்டன. காலி செய்யலாம் என்று மேட்டுக்கு நடக்கும்போது மனைவி போன் செய்தாள். மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு முன்பே சத்துவாச்சாரியிலிருந்து கிளம்பி, ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஏறிவிட்டார்களாம். நல்ல காரியத்துக்கு ஆள் வரும் நேரத்தில் வெடிச்சத்தம் வேண்டாமே என்று தோன்றியது. சுடாமலே வந்தேன். கேப்பை மனைவியிடம் கொடுத்தேன். நாடா கட்டியபடியே பின்கட்டுச் சுவரில் உயர மாட்டினேன்.

மாப்பிள்ளையின் அப்பா லாங் பஜாரில் வெங்காய மண்டி வைத்திருப்பவர். பெரிய குரல், வாய் ஓயாத வேடிக்கை. ஆற்காடு மக்கன் பேடா வாங்கி வந்திருந்தார். மகள் வந்து நமஸ்காரம் செய்துவிட்டு உட்கார்ந்தாள். பையன் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்ததையும், அவள் பார்த்ததையும் நான் கவனித்தேன். மனசுக்கு நிறைவாக இருந்தது. கேசரி சாப்பிட்டுக் கைகழுவப் பின்கட்டுக்குப் போன அவர், திரும்பி வரும்போது கையில் துப்பாக்கியோடு வந்தார். நாடாவை அழகுக்குக் கட்டியது என்று நினைத்து அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தார். குழல் வாய் அவர் மகன் நெஞ்சுக்கு நேராக நின்றது.

"டேய், பொண்ணு புடிச்சிருக்கா இல்லயா, இப்பவே சொல்லிடு. மாமனார் வீட்ல சாமான் ரெடியா இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் காபித் தட்டோடு நின்றிருந்தேன். தட்டை என்ன செய்தேன் என்று ஞாபகமில்லை. காபி முழுக்க அவர் வேட்டியில் கொட்டியதாகப் பிறகுதான் தெரிந்தது. இடது கையால் குழலைக் கூரைப் பக்கம் தள்ளி, வலது கையால் குதிரையைப் பொத்தி, துப்பாக்கியை வாங்கிவிட்டேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "இன்னாங்க, வெளையாட்டுக்குத்தானே புடிச்சேன்."

காலித் துப்பாக்கிதான் என்று சொல்லிச் சிரித்திருக்கலாம். சம்பந்தம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் மறுபடி ஒருநாள் அவர் அதே போல் யார் மேலாவது பிடிப்பார்.

"உள்ள மருந்து இருக்குதுங்க" என்றேன்.

பையனின் அம்மா எழுந்து மகன் பக்கத்தில் போய் நின்றார். மனைவி சமையலறை வாசலிலிருந்து டப்பியைக் காட்டி, கேப்பு தன்னிடம்தான் இருக்கிறது, அது இல்லாமல் வெடிக்காது, பயப்பட வேண்டாம் என்றாள். பையனின் அப்பாவுக்குக் கோபம் அதிகமாகிவிட்டது.

"வெடிக்காதுன்னு தெரிஞ்சேதான் எம்மேல பாஞ்சீங்களா?"

"எனக்குத் தெரியும்ங்க. கைக்குத் தெரியாது. கேப்பு இருந்தா ஒரு மாதிரி, இல்லன்னா ஒரு மாதிரின்னு நான் கைய பழக்கல."

நாலு பேர் முன்னால் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

வீட்டில் பேசிவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். மகள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். பையனைப் பிடித்திருந்ததா என்று கேட்டேன். தலையாட்டினாள்.

"நான் கெடுத்துட்டேனாம்மா?"

"நீ தட்டலன்னா நான் தட்டியிருப்பேன்பா" என்றாள். ஆனால் என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

மனைவியிடம் ஒரு கேப்பு கேட்டேன். எடுத்துக் கொடுத்தாள். வாய்க்கால் மேட்டுக்குப் போய்ச் சுட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் முழுக்க வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பையனின் அம்மா போன் செய்தார். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"வேட்டில காபிக் கறை போகல. அதனால அவருக்குக் கோவமும் போகல" என்று ஆரம்பித்தார். "ஆனா எம் புள்ள நெஞ்சுக்கு நேரா இருந்தத தட்டிவிட்ட மனுசன் உங்க வீட்டுக்காரரு. அந்த வீட்ல எடுக்காம வேற எங்க பொண்ணு எடுக்கறது? நல்ல நாளா பாருங்க."

மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் சிரிப்பதை முதுகிலேயே கண்டுகொண்டேன்.

இப்போதெல்லாம் சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "சம்பந்தியம்மா, டப்பி உங்ககிட்டதானே?" என்று குரல் கொடுப்பார். மனைவி டப்பியை எடுத்துக் குலுக்கிக் காட்டுவாள். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் உட்காருவார். பின்கட்டுக்குப் போகும்போது, துப்பாக்கி சுவரைப் பார்த்து மாட்டியிருந்தாலும், குழல் வாய்க்கு நேராக வராமல் சுற்றிக்கொண்டு போகிறார். எல்லோரும் அவரைக் கிண்டல் செய்வார்கள். நான் செய்வதில்லை. நானும் அப்படித்தான் போகிறேன்.

நாளைக்கு மகளுக்கு வளைகாப்பு. வந்தவர்கள் முன்னால் சம்பந்தி மறுபடியும் எங்கள் கூரை ஓடுகளைப் பறக்கவிடுவார். அதற்குள் இதை முடித்துவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

எழுதி முடித்தது: தை மாதம், இரண்டாம் சனிக்கிழமை, சாயங்காலம்.