கணவாயின் மூன்று இதயங்கள்

பிள்ளைகளே, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை அருகே சோற்றோடு பலவகைக் கறிகள் விற்கும் ஒரு நாசி கண்டார் கடையில் சோறு போடுபவர் ஒருவர் இருக்கிறார். பெயர் கேட்டதில்லை. கறிச்சட்டியின் ஆவி பட்டு அவருடைய மூக்குக்கண்ணாடி எப்போதும் மங்கியிருக்கும். கைகள் ஓயாததால் தோளால்தான் அதை ஏற்றிவிட்டுக்கொள்வார். நாம் எந்தக் கறியைக் காட்டுகிறோமோ, அதைப் பற்றி ஒரு செய்தி சொல்லித்தான் தட்டில் வைப்பார். வெண்டைக்காயும் நம் நாட்டின் தேசிய மலரான செம்பருத்தியும் ஒரே குடும்பம் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒரு மதியம் நான் கணவாயைக் காட்டினேன்.

“இந்த சோத்தோங்குக்கு மூணு இதயம், தெரியுமா தம்பி?” என்றார்.

“குழம்ப ஊத்துங்கண்ணே, கதை வேணாம்லா,” என்றேன் சத்தமாக. வரிசையே சிரித்தது. அவரும் சிரித்தார். அதன்பிறகு அவர் யாரிடமும் எந்தச் செய்தியும் சொல்லவில்லை.

மறுவாரம் என் மகள் நூலகப் புத்தகம் ஒன்றை விரித்துக் காட்டினாள். கணவாய்க்கு மூன்று இதயம்தான்.

அடுத்த நாளே போனேன். “அண்ணே, அன்னிக்கு நீங்க சொன்னது சரிதான். நான்தான் தெரியாம பேசிட்டேன்,” என்றேன், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

“பரவால்ல தம்பி. குழம்பு கலந்து ஊத்தவா?”

கேலி செய்தபோது என் குரல் வரிசையின் கடைசி ஆள்வரை கேட்டது. தப்பை ஒத்துக்கொண்டபோது மட்டும் அது ஏன் அப்படித் தணிந்துபோனது?

நேற்று நண்டைக் காட்டினேன். பேசாமல் வைத்தார். நண்டைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.